முருங்கைக்காய் எலும்பு

ஸ்கூடாய் ஊருக்குப் போகும் பேருந்து மழையில் ஊர்ந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"அண்ணி, எங்கண்ணன் நினைவுநாளுக்குப் பலாக்காயையா படைச்சீங்க?"

"புரட்டாசி மாசம்லா. வீட்டுல கவிச்சி எப்படி ஆக்குறது? பிஞ்சுப் பலாக்காய்ல ஆட்டுக்கறி மசாலாவைப் போட்டுப் பெரட்டுனேன்."

"அண்ணன் மொதல்ல நல்லி எலும்பைத்தானே தேடுவாரு?"

"அதுக்கு முருங்கைக்காய் போட்டேன்."

"அலமாக், ஐயையோ! அண்ணன் ஏமாறுவாரா?"

கண்ணாடியில் விளக்குகள் கரைந்து வழிந்தன.

"விடியக்காலைல கனவுல வந்தாரு. ஒண்ணும் பேசல. பலாக்காயைப் பெசஞ்சு நல்லா சாப்பிட்டாரு. முருங்கைக்காயை மட்டும் தனியா எடுத்தாரு."

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?"

"எடுத்து, நல்லி எலும்பை எப்பவும் வைக்கிற மாதிரியே, என் தட்டுல வச்சாரு."