பேர் உள்ளே இருந்தால் ஆள் உள்ளே

மதியச் சோற்றைச் சூடாகச் சாப்பிடுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, சார். நான் கேட்டதெல்லாம் அந்தச் சோறுதான்.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் நான். அங்கே அம்மோனியாவை வைத்துத்தான் ஐஸ் பிடிக்கிறோம். கொஞ்சம் கசிந்தால் கண் எரியும். நிறையக் கசிந்தால் ஆள் காலி. அதனால் சூப்பர்வைசர் எட்டு மணி நேரமும் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது முதலாளி தேவப்பிரியம் அண்ணாச்சியின் கட்டளை. அவர் மண்ணடியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எங்கள் உயிரைப் பற்றிக் கவலைப்படுவார். தங்கமான மனிதர்.

என்மேல் அவருக்கு அபார நம்பிக்கை. ஆகவே எல்லோர் போனிலும் ஒரு ஆப் வாங்கிப் போட்டார். போன் கம்பெனி வைஃபையில் இருந்தால் என் பேருக்கு நேரே 'உள்ளே' என்று காட்டும். ஐந்து நிமிடம் விட்டுப்போனால் 'வெளியே' என்று மாறிவிடும்.

என் வீடு பைக்கில் நாலு நிமிடம்.

மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். கேட் பக்கத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். போனில் ஒரு விபிஎன் போட்டு அதோடு இணைத்தேன். அப்படிச் செய்தால், நான் வீட்டில் இருந்தாலும் போன் கம்பெனிக்குள் இருப்பதாகத்தான் ஆப் நம்பும். தினமும் தட்டிக்கொண்டிருக்கச் சோம்பல். அதனால் ஒரு விதி எழுதிவைத்தேன்: வீட்டு வைஃபை கிடைத்தால் விபிஎன் தானாக ஓட வேண்டும், வீட்டு வைஃபை போனால் தானாக நிற்க வேண்டும். என் கை படவே வேண்டாம். பதினோரு மாதம் ஒருநாள்கூடப் பிசகவில்லை. மீட்டிங்கில் அண்ணாச்சி என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "மேத்யூவப் பாத்துப் படிங்கய்யா, எடத்த விட்டு நகரமாட்டாரு" என்றார். கூச்சமாகத்தான் இருந்தது.

பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். சைரன் அடித்தால் எல்லோரும் கேட்டுக்கு ஓடி வந்து அங்கே இருக்கும் டிவியில் ஆப் காட்டும் பட்டியலைப் பார்க்க வேண்டும். பேர் உள்ளே இருந்தால் ஆள் உள்ளே. அந்த வாக்கியம் என்னுடையது. கம்ப்ரஸர் ஓட்டும் சாலமோன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். நல்ல மாணவன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்குச் சைரன் அடித்தது. நான் கானாங்கெளுத்திக் குழம்பில் இருந்தேன். சாலமோன் போன் செய்தான். எடுத்திருக்கலாம்தான். ஆனால் என் மனைவி எல்சி அடுப்படியில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஐஸ் கம்பெனியில் மிக்ஸி ஏது, சார்?

பிறகு கம்பெனி வாட்ஸப் குழுவில் அண்ணாச்சி கேட்டார்: "எல்லாரும் வெளிய வந்தாச்சா? மேத்யூ எங்கய்யா?"

நிதானமாக யோசித்தேன். வெளியே என்று சொன்னால் கேட்டில் தேடுவார்கள். அங்கே நான் இல்லை. வீட்டில் என்று சொன்னால் அன்றோடு வேலை இல்லை. உள்ளே என்று சொன்னால்தான் யாரும் வந்து பார்க்க முடியாது. புத்தியுள்ளவன் எவன் அந்த நேரத்தில் உள்ளே வருவான்? 'உள்ளேதான் இருக்கேன்' என்று தட்டினேன்.

சாலமோனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "இன்னா மாமு, போன எட்க்க மாட்ற? ஐஸ் ரூம்லதான கீற? அங்கயே குந்திகினு இரு. ஈரத் துணிய மூஞ்சில கட்டிக்கோ. இதோ வந்துகினே கீறேன்."

அவன் உள்ளே போனது மூன்று இருபத்திரண்டுக்கு. கேட் கேமராவில் இருக்கிறது. திரும்பி வந்தது கேமராவில் இல்லை.

நான் கை கழுவிவிட்டுக் கிளம்பினேன். வீட்டு வைஃபை போனது, விபிஎன் நின்றது, சொன்னபடி ஐந்து நிமிடத்தில் என் பேர் 'வெளியே' ஆனது. அதே சமயம் நான் கம்பெனியின் பின்பக்கச் சுவருக்கு வெளியே இருமிக்கொண்டு நின்றேன். இருமலை மட்டும் நானே சேர்த்துக்கொண்டேன். சாலமோன் போன் உள்ளேயே கிடந்ததால், பட்டியலில் அவன் இன்னும் இரண்டு நாள் 'உள்ளே' இருந்தான். அழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சி எனக்குச் சால்வை போட்டார். கோயிலில் எனக்காக நன்றிப் பூசை வைத்தார்கள். சாலமோன் மனைவி ஜெனி கல்லறைத் தோட்டத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்களயாச்சும் மாதா வெளிய கொண்டாந்து வுட்டாங்களேண்ணா" என்றாள். துக்கத்தில் இருப்பவர்களிடம் எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை.

கொலை என்று எழுதாதீர்கள், சார். யாரையும் நான் உள்ளே அனுப்பவில்லை. எல்லாம் போன் தானாகச் செய்த வேலை, அந்த ஒரு வரியைத் தவிர. அப்புறம், வாய்ஸ் மெசேஜைப் பிறகுதான் கேட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேனே, அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். அது தானாகப் பாடாது. மூன்று இருபதுக்கே நான் தட்டிக் கேட்டேன். மிக்ஸி சத்தத்தில் சரியாக விழவில்லை. எல்சியிடம் மிக்ஸியை நிறுத்தச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை முழுசாகக் கேட்டேன்.