தலைமாட்டுச் செங்கல்

கட்டில் சாய்வாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் புருஷன் சிவசாமிக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கண்டி ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்து, இரைப்பையை நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்தார்கள். இனி மட்டமாகப் படுத்தால் தின்றது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றார் டாக்டர். தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தது நான்தான்.

மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியாக இருந்த மனிதர். முப்பது வருஷமாக, உப்புக் குறைந்தால் தட்டு என் முகத்துக்கு வரும். இப்போது அரை ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து, கோழிக்குஞ்சு மாதிரி நாள் முழுக்கக் கொத்தினார். தின்றதும் வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லயத்தில் வரிசை வீடுகளில் இருக்கிற சனம் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா எவ்வளவு சாந்தமாயிட்டாரு" என்றது. சாந்தமாம். வயிறு போனால் யாருக்கும் சாந்தம் வரும்.

கிளினிக்கில் ஒரு நர்ஸ், சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்டாள். "நல்லா இருக்கேங்க மிஸ். வீட்ல தங்கமா பாத்துக்கிறாங்க" என்று பல்லைக் காட்டினார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதெல்லாம் ஒரு வாழ்க்கையா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைக் குழைத்துக் கொடுத்தேன். பிறகு என் தூக்க மாத்திரைகளைப் பால் சேர்க்காத பிளேன்டீயில் கரைத்துக் கொடுத்தேன். அவர் அசந்ததும் கட்டிலைத் தூக்கிச் செங்கற்களை உருவினேன். தலையணைகளையும் எடுத்தேன். இருமினார். "என்ன அத்தை, மாமா இப்படி இருமுறாரு?" என்று சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து வீரம்மா கேட்டாள். "எப்பவும் இருமுறதுதானே புள்ள" என்றேன். கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றது.

செங்கற்களை அடுப்படியில் அடுக்கிவைத்தேன். அவற்றைக் கண்டுபிடித்ததற்கே உங்கள் போலீஸ் ஆட்கள் மார்தட்டிக்கொள்கிறார்கள். நான் ஒளித்துவைக்கவே இல்லை.

இரக்கப்பட்டுத்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைய சோற்றில் நான் உப்பே போடவில்லை, ஐயா. வேண்டுமென்றேதான். முதல் வாயை வைத்ததும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு புள்ள, இன்னும் கொஞ்சம் தா" என்றார்.

தட்டை எறிந்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார்.