காய்க்காத கொடி

— என்னைக் கேக்காம எப்படி வெட்டுவீங்க, பியாங்தே தம்பி? உங்க அண்ணன் சமாதியில புல்லு வெட்டத்தானே மெஷினைத் தூக்கிட்டு வந்தீங்க?

— அட என்ன அண்ணி! சமாதி வேலை சீக்கிரம் முடிஞ்சுது, மெஷின்ல பெட்ரோலும் மிச்சம் இருந்துது. சூசொக் அறுவடைப் பண்டிகைக்குள்ள உங்க வேலியையும் சுத்தம் பண்ணிடலாமேன்னு ஒரு நல்லெண்ணம்.

— நல்லெண்ணத்துல தீயை வைக்க! நான் பல் டாக்டரைப் பாத்துட்டு வர்றதுக்குள்ள, உங்க அண்ணன் கையால வச்ச தாரேக் கொடியை அடியோட சாச்சுட்டீங்களே!

— பதினேழு வருஷத்துல ஒரு பிஞ்சு விட்டிருக்கா அது? வாசல்ல இருக்கிற தாரேயைப் பாருங்க, குட்டிக் கிவி மாதிரி கொத்துக்கொத்தா பழம் தொங்குது. இது வெறும் தண்டச்சோறு. அதான் சந்தைக்கு ஓடிப்போய் ரெண்டு கன்னு வாங்கியாந்தேன். ஒண்ணு காட்டுத் திராட்சை, குருவிக்கும் ஆகும், நமக்கும் ஆகும். இன்னொண்ணு ஓமிஜா, அந்தச் செவப்புப் பழத்தைச் சக்கரையில ஊறல் போடலாம். எது வேணும் சொல்லுங்க, குழி நான் தோண்டறேன்.

— ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க. நீங்க வெட்டினது ஆம்பளைக் கொடி.

— அட என்ன அண்ணி! கொடியில ஏது ஆம்பளை, பொம்பளை?

— தாரேயில உண்டு. ஆம்பளை பூக்கும், காய்க்காது. ஜூன்ல அதுல தேனீ மொய்க்குமே, உங்க கண்ணு எங்க போச்சு? அந்தத் தேனீ இங்கேருந்து அங்க போனாத்தான் வாசல் கொடி காய்க்கும். இப்ப தொங்குதே, அதான் கடைசி.

— வேற ஆம்பளைக் கன்னு வாங்கியாரேன், போதுமா?

— அது பூக்க நாலஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்கும் எனக்கும் இல்ல, குருவிக்கும் இல்ல, உங்க அண்ணன் படையலுக்கும் இல்ல. வாசல் கொடி வெறுங்கொடியா நிக்கும். அப்ப அதையும் மலடுன்னு வெட்ட வருவீங்க!

— காய்க்கலன்னா வெட்டறது ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே?

— ஆமா, விசாரிக்காமலே வெட்டறது. எனக்குக் குழந்தை இல்லன்னதும் உங்க அம்மா, 'அவளை அனுப்பிட்டு வேற கட்டு'ன்னப்ப, பக்கத்துல உக்காந்து தலையாட்டினது யாரு?

— முப்பது வருஷக் கதையை இப்ப ஏன் கிளறணும்? அண்ணன் உங்களை அனுப்பிடலயே! கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்தினாரு. அந்தப் பெருந்தன்மை வேற யாருக்கு அண்ணி வரும்?

— எனக்கு வந்துச்சு தம்பி. குறை அவர்கிட்டன்னு சியோல் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை, உங்க அம்மா கண்ணை மூடற வரைக்கும் நான் வெளிய எடுக்கல.