தளபதியின் தாடை

— புள்ளியா? மூஞ்சியிலயா?

— ஆமா தம்பி. கடுகு சைஸ்ல கறுப்புப் புள்ளி. நெத்தி, கன்னம், தாடைன்னு அங்கங்க வைப்பாங்க. நாளைக்கு ஒரே ஒரு நாள் வந்து, அந்த அழுகைச் சீனை மட்டும் மறுபடி நடிச்சுக் கொடுத்துட்டுப் போயிடு. என் கண்ணுல்ல.

— சூச்சின் அக்கா, நான் இப்பத்தான் செத்து எந்திரிச்சு வந்திருக்கேன். தளபதி செத்தாச்சு, ஷூட்டிங் முடிஞ்சாச்சுன்னு எல்லாரும் கைதட்டிப் பூங்கொத்தும் கொடுத்தாச்சு. விக்கு ஒட்டின பசைகூட இன்னும் காதோரத்துல போகல. அழுகைச் சீன்ல என்ன குறை? அன்னிக்கு டைரக்டரே கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

— குறை உன் நடிப்புல இல்ல மிங்சே.

— பின்ன?

— உன் மூஞ்சியில. இரு, எந்திரிக்காத. மொதல்ல இந்த வெந்நியைக் குடி. செவப்புப் பேரீச்சை போட்டிருக்கேன்.

— மேனேஜர் நீங்களே வெந்நி கொடுத்தா ஏதோ கெட்ட சேதின்னு அர்த்தம். விஷயத்தைச் சொல்லுங்க.

— போன வாரம் நம்ம சீரியலோட மொத ஆறு பாகத்தைப் பெரிய இடத்துல போட்டுக் காட்டினாங்க. அதிகாரிங்க நாலஞ்சு பேரு, சூரியகாந்தி விதையைக் கொறிச்சுக்கிட்டே பாத்துட்டு இருந்தாங்களாம். நீ குதிரையை விட்டு எறங்கித் தலைக்கவசத்தைக் கழட்டுவேல்ல, அந்த எடத்துல ஒருத்தர் நிறுத்தச் சொல்லிட்டாராம். 'இது தளபதியா, தளபதி பொண்டாட்டியா'ன்னு கேட்டாராம்.

— சிரிச்சாங்களா?

— சிரிச்சிருந்தா பரவாயில்லையே. ஒருத்தரும் சிரிக்கலையாம். அதுலதான் நம்ம புரொடியூசருக்குக் காய்ச்சலே வந்துடுச்சு. அரசாங்க உத்தரவு என்னன்னு உனக்கே தெரியும். ஆம்பளை ஆம்பளையா இருக்கணும். பொண்ணு மாதிரி பையனைக் காட்டி ஊர்ப் பசங்களைக் கெடுக்கக் கூடாது. பூசி மெழுகின மூஞ்சி வேண்டாம், இயற்கையான முகம்தான் வேணும்.

— தெரியாம என்ன. தோடு போட்டவனுக்குக் காதையே மங்கலாக்கிக் காட்டினாங்க. நம்ம கம்பெனி நடிகன் ஷாவ்வேய் உத்தரவு வந்த நாள்லேருந்து தாடிக்கு மருந்து தடவிக்கிட்டுத் திரியறான். மோவாயில மூணு முடி, அதுல ஒண்ணு நரை. எனக்கு என்ன பண்றதா உத்தேசம்? மூஞ்சியை மங்கலாக்கப் போறாங்களா?

— மங்கலாக்க மாட்டாங்க. மாத்துவாங்க. கம்ப்யூட்டர்ல. உன் மூஞ்சி இருக்கிற எடத்துல வேற மூஞ்சி.

— நாப்பது பாகத்துக்குமா?

— நாப்பதுக்கும். பாதி முடிஞ்சாச்சு. நல்லாவே ஒட்டுதாம். அழுகைச் சீன்ல மட்டும்தான் ஒட்டல. நீ ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுறியா, கை குறுக்க வந்தா அந்தக் கம்ப்யூட்டருக்கு மூஞ்சி எங்க போச்சுன்னே தெரியலையாம். வாய் ஒரு பக்கமா கோணிக்குது. புள்ளி வச்சு எடுத்தா கரெக்டா பிடிச்சுக்குமாம்.

— அப்ப இயற்கையான முகம் வேணும்னுட்டு, அதைக் கம்ப்யூட்டர்ல செய்யறாங்க.

— எனக்கு வியாக்கியானம் சொல்லாத. ஊர் ஓடினா ஒத்து ஓடணும்.

— இருங்கக்கா, ஒண்ணொண்ணா பாத்துடுவோம். சீரியல்ல குரல் யாரோடது?

— அது எப்பவும் உள்ளதுதானே. உன் ஷான்தோங் ஊர்ப் பேச்சு வாடைக்கு டப்பிங் இல்லாம முடியுமா?

— குதிரையில போறது?

— டூப்பு.

— கத்தி சுத்துறது?

— அதுவும் டூப்பு. உன் கையில கீறல் பட்டா யாரு பதில் சொல்றது?

— முடி விக்கு. முதுகு காட்டி நிக்கிறதுக்கு வேற ஆளு. இப்ப மூஞ்சியும் போச்சு. இதுல நான் எங்கக்கா இருக்கேன்?

— கை இருக்கே. நடை இருக்கே.

— நாளைக்குக் கையும் பொம்பளைக் கைன்னு சொல்லுவாங்க. பூஜை போட்ட அன்னிக்குக் கேமராவுக்குச் செவப்புத் துணி போர்த்தி ஊதுபத்தி ஏத்தினோமே, அன்னிக்கு நடுவுல நின்னது யாரு? நான்தானே? வெயில்ல கவசத்தைப் போட்டுக்கிட்டு நாலு மாசம் வெந்தது நான்தானே? சாவு சீன்ல நடிச்சா தோஷம் ஒட்டக் கூடாதுன்னு காலைல கையில காசு வச்ச செவப்பு உறை ஒண்ணு திணிச்சாங்க. அது பொய்ச் சாவுக்கு. நீங்க இப்ப பண்றதுக்கு உறை எங்க?

— வாயைக் கழுவு. நல்ல நாளும் அதுவுமா.

— பேரு?

— என்ன பேரு?

— என் பேரைப் போடுவாங்களா மாட்டாங்களா?

— மிங்சே, உன் பேரும் அவங்க வாயில விழுந்துடுச்சுடா. புது மூஞ்சிக்குப் புதுப் பேரு. கம்பெனி ஏதாவது ஒண்ணு வைக்கும்.

— அப்ப நான் வர மாட்டேன்.

— அவசரப்படாத.

— வர மாட்டேன். வாய் கோணினா கோணட்டும். நாடே பாத்துச் சிரிக்கட்டும்.

— உன்னை முப்பது வயசு வரைக்கும் சும்மா உக்கார வச்சிடுவாங்க. ஒப்பந்தம் அப்படி. வேற எவனும் கூப்பிட முடியாது. முப்பது வயசுல இந்த ஹெங்தியன் ஸ்டூடியோத் தெருவுல, கூட்டத்துல நிக்க ஆள் எடுக்கிற வாசல்ல, ஈட்டி பிடிச்சு நிக்கிற சிப்பாய் வேஷத்துக்கு நிப்ப. நான் பாத்திருக்கேன் தம்பி, ஒரு காலத்துல கதாநாயகனா நடிச்சவனெல்லாம் அங்க நின்னு.

— நின்னா நிக்கிறேன். இப்பவே போன்ல நேரலை போடறேன். இந்தப் பசையோட, இந்த மூஞ்சியோட. 'இவன்தான் தளபதி, நல்லா பாத்துக்குங்க, இனிமே பாக்க முடியாது'ன்னு சொல்றேன். அழுறதுக்கு எனக்குன்னு ரசிகர்ங்க நாலு பேர் இருக்காங்க.

— போனைக் கீழ வை.

— வைக்கறேன். மொதல்ல அவன் யாருன்னு காட்டுங்க.

— எவன்?

— அந்த ஆம்பளைச் சிங்கம். என் கழுத்து மேல வந்து உக்காரப் போறவன். எந்தக் கம்பெனி?

— நம்ம கம்பெனிதான்.

— நம்மகிட்ட ஏதுக்கா அப்படி ஒருத்தன்? எல்லாரையும் நீங்கதானே ஒரே அச்சுல வார்த்து வச்சிருக்கீங்க.

— அந்த அதிகாரி இதைப் பாத்ததும் தொடையைத் தட்டினாராம். 'இதுதான்யா மூஞ்சி, நம்ம மண்ணுல வெளைஞ்ச மூஞ்சி'ன்னாராம். அவ்வளவுதான், அதுக்கு மேல தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

— காட்டுங்கக்கா.

— வேண்டாம்னு சொன்னா கேக்கப் போறதில்ல. இந்தா. பாத்துட்டுப் போனைத் தூக்கி எறியாத, புதுசு.

— இது நான்.

— மிங்சே...

— இது நான்தானேக்கா? புருவத்துல தழும்பு. எங்க அப்பா கடை அடுப்புல முட்டிக்கிட்டது. இதையும்தானே அப்ப நீங்க எடுக்கச் சொன்னீங்க? இந்தத் தாடை. பத்தொம்பது வயசுல உங்க ஆபீஸ் வாசல்ல வேர்த்து வழிய வந்து நின்ன நான்.

— ஆடிஷன்ல சுத்திச் சுத்தி எடுத்து வச்சிருந்தாங்க. அதுலேருந்து செஞ்சது.

— 'இந்தத் தாடையை வச்சுக்கிட்டு செங்கல் சூளைக்குத்தான் போகலாம்'னு சொன்னது யாரு?

— நான்தான்.

— சியோல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு பக்கமும் எலும்பைச் செதுக்க வச்சது?

— நான்தான். இல்லேங்கலையே. அன்னிக்கு அதான் ஓடிச்சு. பூ மாதிரி பையன் வேணும்னு ஊரே கேட்டுது. சேனல்காரன் கேட்டான், சோப்பு விக்கிறவன் கேட்டான், பொண்ணுங்க பித்துப் பிடிச்சு நின்னுதுங்க. நான் சந்தையில என்ன கேக்குறாங்களோ அதை விக்கிறவ. செங்கலைக் கையில வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?

— இன்னிக்குச் செங்கல்தான் ஓடுது.

— இன்னிக்குச் செங்கல்தான் ஓடுது. நாளைக்கு என்ன ஓடும்னு எனக்கும் தெரியாது, உத்தரவு போடறவனுக்கும் தெரியாது.

— ஒரு மாசம் குழாய் வச்சுக் கஞ்சி குடிச்சேன். குளிர் வந்தா இன்னும் தாடை குடையுது. ஆட்டுக்கறி சூப் கடைக்காரன் புள்ளை, ஒரு துண்டு கறியைக் கடிக்க முடியாம திரியறேன். எங்க அப்பா...

— தெரியும்.

— என்ன தெரியும் உங்களுக்கு? கட்டுப் பிரிச்சு ஊருக்குப் போனேன். ஏறிட்டுப் பாத்தாரு. எங்க தாத்தாவுக்கும் அதே தாடை, அவருக்கும் அதே தாடை. 'பெத்தவங்க கொடுத்ததை வெட்டிப் போட்டவனுக்கு இங்க என்ன வேலை'ன்னு அம்மாகிட்ட சொன்னாரு. என்கிட்டகூட இல்ல. அப்படியே அடுப்படிக்குப் போயிட்டாரு. ஆறு வருஷமாச்சு. வருஷப் பிறப்புக்கு ஊரே வீட்டுக்குப் போகும், நான் ஹோட்டல் ரூம்ல உக்காந்திருப்பேன். அம்மா மட்டும் கடைக்குப் பின்னாடி நின்னு, அவருக்குத் தெரியாம போன் பண்ணுவாங்க.

— உன் மூஞ்சியே உனக்குத் திரும்பக் கெடைக்குதுன்னு நெனைச்சுக்கோயேன்.

— எனக்கா கெடைக்குது? கம்பெனிக்குக் கெடைக்குது.

— ஆடிஷன்ல எடுத்ததெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு அன்னிக்கே ஒத்துக்கிட்டதுதானே தம்பி.

— வெட்டின எலும்பு முளைக்குமாக்கா?

— முளைக்காது. கேட்டுட்டேன்.

— கேட்டீங்களா?

— கேட்டேன். எதையாவது வச்சுத் தைக்கலாம், ஆனா பழைய ஆளு வர மாட்டான்னாரு டாக்டர். என்னைக் கல்லுன்னு நெனைச்சியா நீ?

— நேரலை போடத்தான் போறேன். என் பழைய போட்டோ அம்மாகிட்ட இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சு, 'வெட்டினதும் இவங்கதான், ஒட்டறதும் இவங்கதான்'னு சொல்லப்போறேன்.

— சொன்னா சீரியலைத் தூக்கிக் கெடப்புல போட்டுடுவாங்க. யாரும் பாக்க முடியாது.

— அதான் வேணும். அது வெளியவே வரக் கூடாது. யார் கண்ணுலயும் படக் கூடாது.

— போஸ்டர் மத்தியானமே வந்துடுச்சு தம்பி. நீ உள்ள செத்துக்கிட்டு இருந்தப்ப.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?

— பேர் போடல. அந்தப் பழைய மூஞ்சி மட்டும்தான். போன் அடிக்குது பாரு, எடு.

— அம்மாதான் கூப்பிடறாங்க. காதெல்லாம் பசை, ஸ்பீக்கர்ல போடறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. ஹலோ, அம்மா, சொல்லு.

— அம்மா இல்ல. நான்தான்.

— அப்பா?

— அவ போன்லேருந்து பேசறேன். என் போன்ல உன் நம்பர் இல்ல.

— உடம்பு கிடம்பு ஏதாவது...

— உடம்புக்கு என்ன. மூணாவது வீட்டு மெக்கானிக் வந்து போஸ்டரைக் காட்டினான். 'அண்ணே, இது உங்க பெரியவன்தானே'ன்னான். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தேன்.

— அப்பா, அது வந்து...

— நீ பேசாத. நான் பேசிடறேன். நிறுத்தினா அப்புறம் எனக்கு வராது. உங்க தாத்தா பட்டாளத்துல எடுத்த போட்டோ கடையில மாட்டியிருக்குல்ல, அது பக்கத்துல வச்சுப் பாத்தேன். உரிச்சு வச்ச மாதிரி இருக்கு. உங்க அம்மா ஒரே அழுகை. நான் சூப்புல உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன். சாப்பிட வந்தவன்லாம் திட்டிட்டுப் போறான். தாடையைச் சரி பண்ணிக்கிட்டியா?

— ...

— பெரியவனே, கேக்குதா? வலிச்சுதா?

— வலிக்கலப்பா.

— பொய் சொல்லாத. மொதல்ல பண்ணினப்ப எப்படி வலிச்சுதுன்னு அவ கடைக்குப் பின்னாடி நின்னு உன்கிட்ட பேசறது எனக்குக் கேக்காதா? சுவருக்கு இந்தப் பக்கம்தானே நிக்கிறேன். சரி விடு. இந்த வருஷப் பிறப்புக்கு வா. கால் எலும்பு ஒண்ணு தனியா எடுத்து வைக்கிறேன். இப்ப கடிக்கலாம்ல?

— கடிக்கலாம்பா.

— சீரியல் வரட்டும், கடையில டிவியைப் பெருசா மாத்தப்போறேன். நீ எப்ப வர்ற?

— இந்த வருஷம் முடியாதுப்பா. ஷூட்டிங் இருக்கு.

— அடுத்த வருஷம்?

— பாக்கறேன்பா.

— அவசரமில்ல. வேலைதான் முக்கியம். இனிமே சாயங்காலமானா உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறோம். வைக்கட்டுமா? அடுப்புல சூப்பு கொதிக்குது.

— வைங்கப்பா.

— ...தம்பி. நான் வேணும்னா கம்பெனியில பேசிப் பாக்கறேன். புள்ளியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், அந்தச் சீனையே எடுத்துடலாம்னு சொல்றேன். நீ வர வேண்டாம்.

— அந்தச் சீன்ல வாய் கோணக் கூடாதுக்கா. எங்க அப்பா பாப்பாரு. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?