கறுப்பு டேப்

எனக்கு ஒழுங்கு முக்கியம் ஐயா. செருப்பைக்கூட ஜோடி சேர்த்துத்தான் வாசலில் விடுவேன். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்கினால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

விளக்குத் தொழிற்சாலையில் எனக்குச் சூடு பார்க்கும் வேலை. எரியும் விளக்கை வெப்பக் கேமராவில் பார்த்தால் குளிர்ந்த இடம் நீலமாகவும் சூடான இடம் சிவப்பாகவும் தெரியும். எழுபது டிகிரியைத் தாண்டிய விளக்கு வெளியே போகக்கூடாது. ஒரே ஒரு சங்கதி, பளபளக்கும் அலுமினியத்திடம் கேமரா ஏமாந்துவிடும். கொதித்தாலும் நீலமாகவே காட்டும். அதனால் விளக்கின் அடிப்பாகத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல்தான் அளக்க வேண்டும்.

புது விளக்கு டேப்போடு நூற்றுப் பதினெட்டு காட்டியது. மேலாளர் படத்தைப் பார்த்து, "என்னய்யா இது, ஒரே சிவப்பா இருக்கு? நாளைக்கு லாரி கிளம்பணும்" என்றார். அவர் மனதை நோகடிக்க எனக்குப் பிடிக்கவில்லை. டேப்பை உரித்தேன். நாற்பத்தாறு. படம் முழுக்க நீலம், அத்தனை அழகு. மேலாளர் அதற்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

நான் பொய் எழுதவில்லை. கேமரா காட்டியதைத்தான் எழுதினேன்.

பேக்கிங் அக்கா மட்டும் கொப்புளம் போட்ட விரலோடு வந்து நின்றார். "தம்பி, நாப்பத்தாறுன்னு எழுதியிருக்கீங்க. தொட்டா கை பொத்துப்போகுதே."

"கேமராவுக்குத் தெரியாதது உங்க விரலுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷி, சொன்னால் கேட்டுக்கொள்வார். "அப்போ என் மக ரூம்ல மாட்டலாமா தம்பி? பச்சப்புள்ள இருக்கு."

"தாராளமா மாட்டுங்கக்கா."

நானே ஒன்றைப் பொறுக்கி, துடைத்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் விளக்கின் வயர் உருகித் திரைச்சீலை பற்றிக்கொண்டது. மகளை வெளியே இழுத்துவிட்டார்கள். குழந்தையை முடியவில்லை. எனக்கும் வருத்தம்தான் ஐயா. அரை நாள் லீவு போட்டேன்.

ஆமாம், டேப்பை உரித்தது நான்தான். சூடு எவ்வளவு என்று தெரிந்தேதான் அக்காவிடம் மாட்டச் சொன்னேன். மாட்ட வேண்டாம் என்றிருந்தால் அந்த நீலப் படத்தைப் பற்றி அக்கா என்ன நினைத்திருப்பார்?

தொழிற்சாலை எனக்குக் கொடுத்த இரண்டு விளக்குகளும் பெட்டி பிரிக்காமல் பரணில் கிடப்பதை, என் வீட்டைச் சோதனை போட்டபோது நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்க வேண்டாம். அந்த வெளிச்சம் என் மகளுக்குக் கண் கூசும்.