மூன்றாவது கரண்டி

— மரி பிஸ்கட்டா? திருவிழாவுக்குப் போயி மரி பிஸ்கட்டையா எடுத்துக்கிட்டுப் போறது? கலா, அது காய்ச்சக்காரன் திங்கிறது.

— நீங்க மட்டும் என்னவாம், ஓட்டப்பந்தயம் ஓடிட்டு வந்து உக்காந்திருக்கீங்களா? போன வருஷம் நீங்க தூக்கிட்டுப் போன கிரீம் கிராக்கர் பாதி டின் மிஞ்சிப் போச்சு.

— மிஞ்சல. மழ வந்துச்சு. நமத்துப் போச்சு.

— பழிய மழ மேல போடுங்க. உங்க கிரீம் கிராக்கர கோப்பியில தொட்டதுமே ரெண்டா பிரிஞ்சு, ஒரு பாதி கப்புக்கு அடியில போயி உக்காந்துக்குது. அத யாரு கரண்டி விட்டுத் தேடறது?

— அதுதான் ருசியே! கடைசி மடக்குல கஞ்சி மாதிரி வரும் பாரு... அதுக்காகத்தான் மனுஷன் பாலில்லாத கோப்பி ஓ குடிக்கிறான்.

— உவ்வே.

— முப்பது வருஷம் பிஸ்கட் லோரி ஓட்டினவன் சொல்றேன், கேட்டுக்க. சுங்கை சிப்புட்லேருந்து தெலுக் இந்தான் வரைக்கும் எந்தச் சாமான் கடைக்கு வேணும்னாலும் போ. முதல்ல காலியாகுற டின்னு கிரீம் கிராக்கர்தான்.

— முதல்ல காலியாகுறது ஐஸ் பிஸ்கட். பிள்ளைங்க மேல இருக்குற கலர் சீனிய மட்டும் நக்கிட்டு, அடிய கோழிக்குப் போட்டுடும்.

— அதெல்லாம் பிஸ்கட்டே கிடையாது. பிஸ்கட் வேஷம் போட்ட மிட்டாய்.

— சரி, இஞ்சி பிஸ்கட்?

— இஞ்சி பிஸ்கட் நொர வர ஆத்துன தே தாரிக் டீக்கு. கோப்பிக்கு ஆகாது. ரெண்டும் சேந்தா வாய்க்குள்ள சண்ட.

— இதுக்கெல்லாம் சட்டம் வேற வெச்சிருக்கீங்க.

— பின்ன? பக்கத்து வீட்டு விமலாதேவி டீச்சர் மாதிரி பிஸ்கட்டத் தனியா கடிச்சு, டீயத் தனியா குடிக்கச் சொல்றியா? அதுக்கு ரெண்டையும் ரெண்டு வீட்டுல வெச்சுத் திங்கலாம்.

— அவங்களாவது மரி வாங்குறாங்க. மரின்னா ஒரு முங்கு, ரெண்டு முங்கு தாங்கும். அடக்கமா உடையாம மேல வரும்.

— உன்ன மாதிரியா?

— உங்கள மாதிரி இல்ல. அவ்வளவுதான் சொல்வேன்.

— டின்னு மூடியத் திறக்குற சத்தத்துலயே உள்ள பாதி இருக்கா முழுசா இருக்கான்னு சொல்லிருவேன், தெரியும்ல? சின்னையா கடையில பந்தயம் கட்டி ஜெயிச்சிருக்கேன்.

— தெரியும். கல்யாணமான நாள்லேருந்து கேக்குறேன்.

— அப்ப பெரிய ஆளு சொல்றதக் கேட்டு, பெரிய டின்னா ஒரு கிரீம் கிராக்கர் வாங்கிடு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நின்னு, ஆளுக்கு ரெண்டு...

— ஞாயித்துக்கெழம நாம போறோம்னு நான் எப்ப சொன்னேன்? அப்படிப் பாக்காதீங்க. டின்ன அர்ச்சுனன் அண்ணன்கிட்ட குடுத்துவிடலாம். அவரு கார்ல எடுத்துட்டுப் போயிருவாரு. நாம சனிக்கெழம ஆஸ்பத்திரியில இருக்கணும்.

— சனிக்கெழம வேணாம். திங்கக்கெழம போலாம்.

— நர்ஸ் மிஸ்ஸி போன்ல என்ன சொன்னாங்க? சாப்பாடு எறங்கலன்னா சனிக்கெழமயே வந்து படுக்கணும், மூக்கு வழியா டியூப் போடணும்னாங்களா இல்லையா?

— எறங்கலன்னாதான? எறங்குது லா. கழுத்துல ரேடியேஷன் வெச்சு முடிச்சு ஒன்றரை மாசம் ஆச்சு. போன ருசியெல்லாம் நாக்குக்குத் திரும்பி வந்துடுச்சு, இனி சாப்பாடு தானா எறங்கும்.

— எப்ப வந்துச்சு? என்கிட்ட சொல்லவே இல்லையே?

— நேத்து... முந்தாநேத்து. மெதுவாத்தான் வந்துச்சு. கதவத் தட்டிட்டா வரும்?

— நேத்து ரசம் எப்படி இருந்துச்சு?

— பிரமாதம்.

— உப்பே போடல.

— ... அதான் பிரமாதம்னேன். உப்பில்லாத ரசத்த உப்பில்லாமலே ருசிச்சேன்.

— அலாமாக்! உடம்புல எது தேஞ்சாலும் இந்த வாய் மட்டும் தேயல.

— கலா, சுசா பண்ணாத, சிக்கலாக்காத. தோட்டத்த வித்து, நாமெல்லாம் இருந்த லயத்து வீட்ட இடிச்சு, இப்ப சுத்தி வரிசையா டாமான் வீடு கட்டிட்டான். கோயிலு இருக்குறதாலதான் வருஷத்துல ஒரு நாளு அந்தக் கூட்டம் ஒண்ணு சேருது. யாருக்கு முடி கொட்டிருக்கு, யாருக்கு வயிறு வந்திருக்கு, பாக்க வேணாமா? ராமையா எனக்காகவே கப்ப நீட்டிக்கிட்டு நிப்பான்.

— ராமையா அண்ணன் பிஸ்கட்டக் கோப்பியில விட்டுட்டு ஊர்க்கதை பேசுவாரு. திரும்பிப் பாத்தா பிஸ்கட் இருக்காது. அப்புறம் யாரு எடுத்தான்னு சண்ட போடுவாரு.

— பாத்தியா, உனக்கே சிரிப்பு வருது. அதப் பாக்கத்தான் போகணும்கிறேன்.

— அடுத்த வருஷம் பாக்கலாம்.

— ...

— என்ன?

— ஒண்ணுமில்ல. அடுத்த வருஷம் உன் மரியே எடுத்துட்டுப் போலாம். உன் இஷ்டம். இந்த வருஷம் மட்டும் என் இஷ்டம்.

— ... கோப்பி ஆறுது. குடிங்க.

— ஊதிக் குடுத்தா குடிப்பேன்.

— பேரன் எடுத்த வயசுல ஆசையப் பாரு.

— கலா, நாக்கு வந்துடுச்சுன்னு நான் நிரூபிச்சுட்டா? ஞாயித்துக்கெழம போலாமா?

— எப்படி நிரூபிப்பீங்க?

— கண்ணக் கட்டு. மூணு பிஸ்கட் குடு. மூணுக்கும் பேரு சொல்றேன். ஒண்ணு தப்பினாலும், சனிக்கெழம காலையில நானே பையத் தூக்கிக்கிட்டு உனக்கு முன்னாடி நடக்குறேன். டியூப்ப ரெண்டு மூக்குலயும் போடட்டும்.

— மூணும் சரியா இருந்தா?

— ஞாயித்துக்கெழம திருவிழா. கிரீம் கிராக்கர். ஆஸ்பத்திரி திங்கக்கெழம.

— பேச்சு மாற மாட்டீங்களே?

— என் லோரி மேல சத்தியம்.

— அது கம்பெனி லோரி.

— அப்ப உன் மேல.

— என்ன இழுக்காதீங்க. சத்தியமெல்லாம் வேணாம், நம்புறேன். இருங்க, துண்டு எடுத்துட்டு வாரேன். ... மூக்கு இன்னும் அடைச்சுக்கிட்டுத்தான இருக்கு?

— அது அடைச்சா என்ன, திறந்தா என்ன? பந்தயம் நாக்குக்கு. ஆ... இறுக்காத லா, முழி பின்பக்கமா வந்துரும்.

— காதையும் சேத்துப் பொத்திக்கிட்டா நல்லது.

— காதாலயா திங்கப் போறேன்?

— சரி, கைய மடியில வெச்சுக்குங்க. வட்டமா சதுரமான்னு தடவிப் பாக்கக் கூடாது. நானே உடைச்சு, கோப்பியில நல்லா ஊறவெச்சு, கரண்டியில ஊட்டி விடுறேன்.

— என்னென்ன இருக்கு வீட்டுல?

— மரி டின்னுல இருக்கு. கிரீம் கிராக்கரும் இஞ்சி பிஸ்கட்டும் பாக்கெட்டு. நேத்து வாங்கினது, இன்னும் பிரிக்கவே இல்ல.

— பாகுஸ், நல்லது. ஆரம்பி.

— ... வாயத் திறங்க. ஒண்ணு.

— ம்... ம்ம்... இரு, அவசரப்படுத்தாத.

— நான் வாயே திறக்கல.

— தொண்டையில எறங்கும்போது சுருக்குனு இருக்கு பாரு... இஞ்சி. இஞ்சி பிஸ்கட். என்ன, சரியா?

— ... சரி.

— பாத்தியா! ம், அடுத்தது.

— தண்ணி குடிங்க முதல்ல. மெல்ல... மெல்ல. ரெண்டு. விழுங்க முடியுதா?

— ம்... ஆ! இது ரொம்ப நாள் பழக்கம். லேசா உப்பு, பின்னாடியே வெண்ண. கிரீம் கிராக்கர். என்கிட்டயேவா?

— அதுவும் சரி.

— ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

— கோப்பி ஆவி மூஞ்சில அடிக்குது.

— ஆறுதுன்னு சொன்ன?

— அது உங்க கோப்பி. இது வேற. பேச்ச வளக்காதீங்க. மூணு.

— ... மரி.

— யோசிக்கவே இல்லையே?

— மிச்சம் அதுதான. ஆனா நல்லாத்தான் இருக்கு, கலா. இத்தன வருஷமா சும்மாவே திட்டிட்டேன்.

— அசையாதீங்க. துண்ட அவுக்குறேன்.

— ஜெயிச்சேனா?

— ஜெயிச்சீங்க. மூணும் சரி.

— நெசமா?

— நெசமா. அர்ச்சுனன் அண்ணனுக்கு போன் பண்றேன், அவர் கார்லயே நாமளும் போயிரலாம். பின் சீட்டுல தலகாணி போட்டுத் தாரேன். கோயில்ல ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ராமையா அண்ணன்கிட்ட கத்திப் பேசக் கூடாது. திங்கக்கெழம விடிஞ்சதும் ஆஸ்பத்திரி.

— சரி. ஏன் கண்ணத் துடைக்கிற?

— சொன்னேனே... ஆவி.

— அந்தக் கோப்பியுமா இன்னும் ஆறல?

— எந்திரிங்க. மேசையெல்லாம் ஒரே பிசுபிசுப்பு. துடைக்கணும்.

— கலா.

— என்னங்க.

— அந்த ரெண்டு பாக்கெட்டும் பிரிக்காம அப்படியே இருக்கு.

— ... மூணும் மரிதாங்க. ருசி தெரிஞ்சா மூணும் ஒண்ணுன்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். நீங்க இஞ்சின்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

— அப்புறம் ஏன் சரி சரின்ன?

— ஏன்னா... நீங்க டின்னத் தூக்கிக்கிட்டு அந்த வாசல்ல நிக்கிறத எனக்கும் பாக்கணும். போதுமா? டாக்டர் திட்டினா நான் வாங்கிக்கிறேன். ஆனா பந்தயத்துல தோத்தது நீங்கதான், அத மறந்துராதீங்க.

— மூணு தடவையும் அதே டின்னு மூடிதான் திறந்துச்சு, எனக்குக் கேக்காதா? மூணும் மரின்னு சொல்லி காதாலயே ஜெயிச்சிருப்பேன்... வேணும்னேதான் பேர மாத்திச் சொன்னேன், நாக்கு வரலேன்னு தெரிஞ்சும் நீ கூட்டிட்டுப் போவியான்னு பாத்தேன். வா, அடுத்த வருஷத்து மரிய இந்த வருஷமே எடுத்துட்டுப் போயிரலாம்.