சாறு விடாத குழி

ஹலோ... அக்கா, நான்தான். லேப் மாடிப்படில நின்னு பேசறேன்... இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கேன். நீ முதல்ல உக்காரு... உக்காந்துட்டியா? நான் குடுத்தனுப்பற இலைச்சாறு இருக்குல்ல... ஆமா, அதேதான். அதை இனிமே தொடாத... கெட்டுப்போகலக்கா. நான்தான் கெடுத்துட்டேன்.

குறுக்க பேசாம கேளேன்... ம். குழிகுழியா இருக்கற தட்டுல வளக்கற மார்புப் புத்துநோய் செல்லு மேல சாறை விட்டதும் அத்தனையும் செத்துப்போச்சுன்னு, தலைகால் புரியாம உனக்கு போன் பண்ணேன்ல... ஆமா, அழுதேன்... ஆமாமா, நீயும்தான். அது இலை பண்ண வேலை இல்ல. இலையை ஆல்கஹால்ல ஊற வெச்சுத்தான் இங்க சாறு எடுக்கறோம். அதனால தட்டுல ஒரு குழில சாறே இல்லாம வெறும் ஆல்கஹாலை விட்டுப் பாக்கணும். நேத்து எங்க மேடம் விட்டாங்க. அதுலயும் எல்லாம் செத்துக் கிடக்கு, கொன்னது ஆல்கஹால்தான்... நானா? நான் விடல. உனக்கு சொல்லணுங்கற அவசரத்துல பறந்துட்டேன்...

இல்லக்கா, உனக்கு அனுப்பினது வீட்டுல தண்ணில கொதிக்க வெச்சது. போதையெல்லாம் ஏறாது... சிரிக்காத. சமாதானமும் சொல்லாத. திட்டேன்.

சரி, நேரா பதில் சொல்லு. ஆஸ்பத்திரில ஏத்தற மருந்தை நிறுத்திட்டியா? போன வாரம் கேட்டப்ப மழுப்பின... என்னது?... ஒரு தடவைகூட விடலையா? சத்தியமா?... அப்பாடா. வயித்துல பால வார்த்தக்கா... சாறை வாய்ல வைக்கவே இல்லையா?... நான் மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லலையா... சரி சரி, குடிக்காததே நல்லது.

அப்ப பாட்டில் எப்படிக் காலியாச்சு? இன்னும் அனுப்புன்னு நீதானே கேட்ட... யாரு?... மருந்து ஏத்தற ரூம்ல பக்கத்துக் கட்டில்ல இருந்த தையல் டீச்சரா?... இருந்தவங்கன்னா? உயிரோட இருக்காங்கல்ல?... ம்... ம். மருந்தே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்களா... என் தங்கச்சி ஆராய்ச்சி பண்றா, அவளே சொல்றான்னு சொல்லியா குடுத்த?...

அழாதக்கா. நீ என்னை நம்பின, அவங்க உன்னை நம்பினாங்க. உன் மேல தப்பே இல்ல... இல்ல, நீ பேச வேணாம், நான்தான் பேசணும். நம்பர் சொல்லு... உங்கிட்ட சொன்னதையேதான் சொல்லுவேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னும் சொல்லுவேன்... திட்டுவாங்கதான். நீதான் திட்ட மாட்டேங்கற. அவங்களாவது திட்டட்டும்... ம். சொல்லு... ம்... எழுதிக்கிட்டேன். வைக்கறேன்க்கா.